‘சரக்கு இன்னும் வரலை!’ – ஒரு ரேஷன் கடை ஆராய்ச்சி



பேரவை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டதும், ‘சி.என்.சி. இயந்திரங்களின் பயன்கள்’ என்று எழுதத்தான் முதலில் பேனாவைத் திறந்தேன். பழைய மலர்களைப் புரட்டினால் அதே தலைப்பு இரண்டு தடவை வந்திருக்கிறது! சரி, நம்மில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் மாசா மாசம் பேச்சாக இருக்கிற ஒன்றையே எழுதுவோம் என்று முடிவு செய்தேன். ரேஷன் பொருள் ஏன் தாமதமாகிறது? சிரிக்காதீர்கள். இதுவும் இன்ஜினியரிங் விஷயம்தான், போகப் போகத் தெரியும்.

2024 மே மாதம். நான் முதலாம் ஆண்டுப் பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்தேன். அம்மா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை. லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. அந்த மாதம் பருப்புக்கும் பாமாயிலுக்கும் மட்டும் அம்மா நாலு தடவை கடைக்குப் போனார். அதில் இரண்டு தடவை அரைநாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள். நாலு தடவையும் ஒரே பதில்: “சரக்கு இன்னும் வரலைம்மா. அடுத்த வாரம் பாருங்க.”

அம்மா, “கடைக்காரரே வித்துட்டிருப்பாரு” என்றார். ஆயாவோ ஒரு படி மேலே போய், “எல்லாம் ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குப் போயிருக்கும்டா” என்றார். எல்லை ஓரம் இருக்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். இந்தப் பக்கம் ரேஷன் அரிசி மூட்டைகள் ரயிலிலும் லாரியிலும் பிடிபடுவது நமக்குப் புதிதில்லை. நானும் அப்படியே நம்பி அந்த விற்பனையாளரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு பேப்பரில் பார்த்தால், எங்கள் கடையில் மட்டும் இல்லை, தமிழ்நாடு முழுக்கவே பருப்பும் பாமாயிலும் தட்டுப்பாடு! காரணம், நாடாளுமன்றத் தேர்தல். 2024 மார்ச் 16 இல் தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. ஜூன் 4 இல்தான் ஓட்டு எண்ணிக்கை. இடையில் பருப்பு, பாமாயில் வாங்குவதற்கான டெண்டரை முடிப்பதில் தாமதம் ஆகிவிட்டது. கடைசியில், மே மாதத்துப் பொருளை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. எங்கள் விற்பனையாளர் சொன்னது சத்தியமான உண்மை. நான்தான் தப்பான ஆளைத் திட்டியிருக்கிறேன்.

ஆனால் எல்லாத் தடவையும் அவர்கள் சொல்வது உண்மை என்றும் சொல்லிவிட முடியாது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். ‘சரக்கு வரலை’ என்ற அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் பல காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் போய் நிற்க வேண்டிய இடம் வேறு. அது தெரியாமல்தான் நம் அம்மாக்கள் அரைநாள் அரைநாளாகக் கூலியை இழக்கிறார்கள். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான் என்பதால் கார்டு, ஆதார், எஸ்.எம்.எஸ். எல்லாமே என் தலையில்தான் விழும். அப்படி அலைந்து தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அரிசியைப் பார்ப்போம். அது இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, மத்திய அரசின் இந்திய உணவுக் கழகம். நம் மாவட்டத்திலேயே ஆவடியில் அதன் பெரிய கிடங்கு இருக்கிறது. இன்னொன்று, 1972 இல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். இது நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல் வாங்கி, ஆலையில் அரைத்து, டெல்டா மாவட்டங்களிலிருந்து கூட்ஸ் வண்டியில் மற்ற மாவட்டங்களுக்கு அனுப்புகிறது. மாவட்டத்துக்கு வந்த அரிசி வட்டத்துக் கிடங்குக்குப் போய், அங்கிருந்து லாரியில் கடைக்கு வருகிறது. கடையை நடத்துவது பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கம். கார்டு விவகாரத்தைப் பார்ப்பது வட்ட வழங்கல் அலுவலகம். அதாவது சரக்கு ஒரு கையில், கடை ஒரு கையில், கார்டு இன்னொரு கையில். நாம் திட்டுவது மட்டும் கடைசியில் மூட்டை நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு மனிதரை!

அரிசி இப்படி வருஷம் பூராவும் கொஞ்சம் கையிருப்போடு ஓடுகிற சரக்கு. அதனால் அரிசி ஒரேயடியாக நின்றுபோவது அபூர்வம். லாரி இரண்டு நாள் பிந்தும், அல்லது மழை வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ரோடே தெரியவில்லை, லாரி எப்படி வரும்? பருப்பும் பாமாயிலும் அப்படி இல்லை. 2007 இல் விலைவாசியைச் சமாளிக்க மாநில அரசு தன் செலவில் கொண்டுவந்த சிறப்புத் திட்டம் இது. பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அம்மா ஏன் நாலு தடவை நடந்தார் என்று புரியும். இந்த இரண்டையும் டெண்டர் விட்டுத்தான் வாங்க வேண்டும். பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து கப்பலில் வருவது. துவரையும் நம் நாட்டு விளைச்சல் போதாமல் மியான்மர், மொசாம்பிக், தான்சானியா என்று வெளியிலிருந்து வருகிறது. டெண்டர், விலை பேசுதல், ஆர்டர், கப்பல், பாக்கெட், தரப் பரிசோதனை, கிடங்கு, கடை. மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர்களுக்கு இதைப் பார்த்ததும் ‘கிரிட்டிக்கல் பாத்’ ஞாபகம் வரும். ஒரு வேலை முடியாமல் அடுத்தது தொடங்காது. முதல் கட்டத்தில் ஒரு மாதம் போனால் கடைசிக் கட்டத்திலும் அந்த ஒரு மாதம் அப்படியே வந்து நிற்கும்.

ஆகவே முதல் பாடம் இதுதான். அரிசி வந்து, பருப்பும் பாமாயிலும் மட்டும் வரவில்லை என்றால், பக்கத்து ஊர்க் கடையிலும் விசாரியுங்கள். கவரைப்பேட்டையிலும் இல்லை, மீஞ்சூரிலும் இல்லை என்றால் அது மேலே நின்றிருக்கிறது. கடைக்காரரோடு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. அடுத்த கடையில் இருந்து நம் கடையில் மட்டும் இல்லை என்றால், அது வேறு கதை.

வெளிநாட்டில் எப்படி என்று ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஏழைகளுக்கு அரசு பெரும்பாலும் பொருளாகக் கொடுப்பதில்லை, கார்டில் பணமாக ஏற்றிவிடுகிறது. அனுமதி பெற்ற கடைகளில் போய் உணவுப் பொருள் வாங்கிக்கொள்ளலாம். அங்கே லாரி, கிடங்கு தொல்லை கிடையாது. ஆனால் 2025 அக்டோபர் 1 முதல் பட்ஜெட் தகராறில் அரசாங்கமே மூடிக்கிடந்தபோது, நவம்பர் மாதத்துப் பணம் ஏறாமல் ஏறத்தாழ 4 கோடி பேர் தவித்தார்கள். கடை நிறையச் சரக்கு இருந்தும் கார்டு காலி! நமக்கு நேர்மாறு: கார்டில் உரிமை இருக்கும், கடையில் சரக்கு இருக்காது. பணமாகவே கொடுத்துவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. பணமாக வந்தால் எங்கள் தெருவில் அது எந்தக் கடைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

சரி, சரக்கு வந்துவிட்டது. உடனே கிடைத்துவிடுமா? இங்கேதான் நம் பாடம் உபயோகப்படுகிறது. ஒரு கணக்குக்கு, கடையில் 900 கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டை ஸ்கேன் செய்து, ரேகை வைத்து, ஒவ்வொரு பொருளாக எடை போட்டு, பில் போட ஒரு கார்டுக்கு 4 நிமிஷம். 900 கார்டுக்கு 3,600 நிமிஷம், அதாவது 60 மணி நேரம். ஒரு நாளைக்கு 7 மணி நேரம் இடைவிடாமல் செய்தால் எட்டரை நாள் ஆகும். 2025 முதல் மின்னணுத் தராசை பில் போடும் மெஷினோடு இணைத்து வருகிறார்கள். சரியான எடை வந்தால்தான் பில் விழும். எடையில் ஏமாற்ற முடியாது என்பது நல்ல விஷயம்தான். ஆனால் அதனால் ஒரு கார்டுக்கு 4 நிமிஷம் 6 நிமிஷமானால், 900 கார்டு முடிக்கக் கிட்டத்தட்ட 13 நாள் வேண்டும். விற்பனையாளர் ஒருத்தரே இரண்டு கடை பார்ப்பவராக இருந்தால்? பாதி நாள் இங்கே பூட்டு. இதைத்தான் ‘பாட்டில்நெக்’ என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கிடங்கில் எவ்வளவு சரக்கு இருந்தாலும் அந்த ஒரு தராசு வழியாகத்தானே வெளியே வர வேண்டும்!

இதோடு மாதக் கடைசியைச் சேர்த்துப் பாருங்கள். 20 ஆம் தேதி சரக்கு இறங்குகிறது. மாசம் முடிய 10 நாள். அதில் கடை லீவு போக 8 நாள். நம் கணக்குப்படி கொஞ்சம் பேருக்குக் கிடைக்காமல் மாதம் முடிந்துவிடும். மாதம் முடிந்தால் அந்த மாத ஒதுக்கீடும் முடிந்தது. அரசு தனியாக அறிவித்தால்தான் போன மாதத்துப் பொருள் இந்த மாதம் கிடைக்கும். 2024 இல் அறிவித்தார்கள். எல்லாத் தடவையும் அறிவிப்பு வராது. ஆகவே ரேஷனில் தாமதம் என்பது பஸ் தாமதமாக வருவதைப் போல அல்ல. அந்த பஸ்ஸே இல்லை என்று ஆகிவிடுகிறது. யார் வாங்கவில்லை என்பது மெஷினுக்குத் தெரியும். வாங்காதவர்களுக்கு அடுத்த மாதம் 10 ஆம் தேதி வரை தானாகவே நீட்டித்தால் என்ன? நம் கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களைக் கேட்டால் ஒரு சாயந்திரத்தில் எழுதிவிடுவார்கள் என்றே நினைக்கிறேன்.

அடுத்து ரேகை. 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தபோது கைரேகையும் கூடவே வந்தது. எங்கள் ஆயா இருபது வருஷம் செங்கல் சூளையில் கல் அறுத்தவர். விரலில் ரேகை என்று ஒன்று இருந்த இடம்கூடத் தெரியாது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள், மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. “ரேகை விழல ஆயா, நாளைக்கு வாங்க” என்றார்கள். நாளைக்கு மட்டும் ரேகை முளைத்துவிடுமா? சிப்காட்டில் உருக்காலை, வார்ப்பட வேலைக்குப் போகிற அப்பாக்களுக்கும் இதே கதிதான்.

இதற்கு வழி இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் பெயர் உள்ள வேறு யாராவது ரேகை வைக்கலாம். கருவிழி பார்க்கும் கருவி வந்த கடைகளில் கண்ணைக் காட்டலாம். ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லலாம். வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள் வேறு ஒருவரை நியமித்துப் படிவம் எழுதிக் கொடுக்கலாம். 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் என்று 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆயாவுக்கு இப்போது ஓ.டி.பி.தான். ஆனால் அதில் ஒரு வேடிக்கை! ஆதாரில் இருந்தது மாமாவின் பழைய செல் நம்பர். அந்த நம்பர் இப்போது யாரிடமோ இருக்கிறது. அதை மாற்றவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நீங்களும் இன்றைக்கே வீட்டில் கேட்டுப் பாருங்கள், கார்டிலும் ஆதாரிலும் எந்த நம்பர் இருக்கிறது என்று.

இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். 2017 இல் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதாரோடு இணைக்காததால் அந்தக் குடும்பத்தின் ரேஷன் கார்டு நீக்கப்பட்டிருந்தது. பட்டினியால் செத்தாள் என்றார் அவள் தாய். மலேரியா என்றது அரசு. எது எப்படியானாலும், வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிருந்தது உண்மை.

நம் ஹாஸ்டல் பக்கத்து லைன் வீடுகளில் இருக்கும் ஒரிசா, பீகார் அண்ணன்களுக்கும் ஒரு சேதி. அவர்கள் ஊர் கார்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற கார்டாக இருந்து, ஆதாரும் இணைந்திருந்தால், நம் கடையிலேயே அரிசி, கோதுமை வாங்கலாம். பருப்பு, பாமாயில் கிடையாது. அது நம் மாநிலம் கொடுப்பது. ஊரில் வீட்டுக்காரர்கள் அந்த மாதத்து அளவை ஏற்கெனவே வாங்கிவிட்டால் இங்கே மீதி இருந்தால்தான் கிடைக்கும். இது தெரியாமல் “கார்டு ஓடல” என்று பலர் திரும்பிவிடுகிறார்கள்.

கார்டே கையில் இல்லாதவர்களின் தாமதம் இன்னும் மோசம். 2023 இல் மகளிர் உரிமைத் தொகை வேலை நடந்தபோது புதிய கார்டு கொடுப்பதை நிறுத்தி வைத்தார்கள். பிறகு தேர்தல் வந்தது. 2024 பாதி வரை புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், தனிக்குடித்தனம் போனவர்கள் எல்லாம் காத்துக்கிடந்தார்கள். என் அக்கா வீட்டுக்காரரும் அதில் ஒருவர். இடையில் புயல் நிவாரணம் 6,000 ரூபாய் கொடுத்ததும் ரேஷன் கடை வழியாகத்தான். கார்டு இல்லாதவர்கள் தனியாக மனு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன். போன வருஷம் ஒரு மாதம், அம்மா அரிசியும் சர்க்கரையும் மட்டும் வாங்கி வந்தார். “பாமாயில் வரலையாம்.” சாயந்திரம் செல்போனில் எஸ்.எம்.எஸ். பார்க்கிறேன், பாமாயிலும் பருப்பும் வாங்கியதாக இருக்கிறது! மறுநாள் நானும் அம்மாவும் போய்க் கேட்டோம். “மெஷின்ல மொத்தமா பில் விழுந்துடுச்சு தம்பி. அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்” என்றார்கள். அம்மா அதை நம்பிவிட்டார். எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஏன் என்றால், யோசித்துப் பாருங்கள். நம் பெயரில் பில் விழுந்துவிட்டால், மேலே ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிறவருடைய கம்ப்யூட்டரில் நாம் பொருள் வாங்கிவிட்டோம். கடைக்கு வந்த சரக்கு முழுக்க விநியோகம் ஆகிவிட்டது. குறையே இல்லை, தாமதமே இல்லை! ஒர்க்ஷாப்பில் ஸ்டோர்ஸ் லெட்ஜரில் ஒரு எண்ணும் ரேக்கில் வேறு எண்ணும் இருந்தால் வாத்தியார் என்ன செய்வார் என்று நமக்குத் தெரியும். இங்கே லெட்ஜரை ஒத்துப் பார்க்கக்கூடிய ஆள் நாம் மட்டும்தான். அந்த எஸ்.எம்.எஸ்.தான் நம் கையிலுள்ள ஒரே சாட்சி. உண்மையான தாமதம் ஆபீஸ் கணக்கில் தெரியும். பொய்யான பில் தெரியவே தெரியாது.

அடுத்த மாதமும் சேர்த்துத் தரவில்லை. 1967 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்து கார்டு எண், கடை, தேதி, எஸ்.எம்.எஸ். விவரம் எல்லாம் சொன்னேன். கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை. கடைக்காரர் நாளைக்கு அம்மாவை என்ன சொல்வாரோ என்ற பயம். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு பாமாயில் கொடுத்தார்கள். பருப்பு இன்றுவரை வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடிப் பார்த்தேன். 2013 இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2016 நவம்பர் 1 முதல் நடைமுறை. முன்னுரிமைக் கார்டுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம், அந்தியோதயா கார்டுக்கு 35 கிலோ. அந்தச் சட்டத்தின் 8 ஆவது பிரிவு, உரிய தானியத்தைக் கொடுக்காவிட்டால் அதற்குப் பதிலாக மாநில அரசு ‘உணவுப் பாதுகாப்புப் படி’ என்று பணம் கொடுக்க வேண்டும் என்கிறது. எனக்கு இது பெரிய ஆச்சரியம்! ஆனால் இது அந்த இரண்டு வகைக் கார்டுக்கும், அரிசி கோதுமைக்கும்தான். பருப்பும் பாமாயிலும் அந்தச் சட்டத்தில் இல்லை. முன்னுரிமை இல்லாத கார்டுக்குத் தமிழ்நாட்டில் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் அது மாநில அரசின் கொள்கை, அந்தச் சட்டத்து உரிமை அல்ல. உங்கள் ஸ்மார்ட் கார்டில் பி.ஹெச்.ஹெச். என்று இருக்கிறதா, என்.பி.ஹெச்.ஹெச். என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்தில் இவ்வளவு வித்தியாசம்.

எங்கே போவது? கார்டு, பெயர் சேர்த்தல், நீக்கல் எல்லாவற்றுக்கும் வட்ட வழங்கல் அலுவலர். அவருக்கு மேல் மாவட்ட வழங்கல் அலுவலர், நமக்குத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ். கடை திறப்பதில்லை, ஊழியர் இல்லை என்றால் கூட்டுறவு இலாகாவுக்கும் எழுத வேண்டும். கடையில் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்பதைப் பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் பார்க்கலாம். அம்மாவை அனுப்புவதற்கு முன் நான் இப்போது அதைத்தான் பார்க்கிறேன். சில சமயம் அதில் இருப்பு காட்டும், கடையில் இருக்காது. அப்போது அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை வட்டம் தோறும் பொது விநியோகக் குறைதீர் முகாம் நடக்கிறது. அதில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது காற்றோடு போச்சு.

எங்கள் வீட்டுக் காலண்டரின் பின்பக்கத்தில் இப்போது நாலு கோடு போட்டு எழுதி வருகிறேன்: போன தேதி, கேட்ட பொருள், சொன்ன பதில், வந்த எஸ்.எம்.எஸ். பக்கத்து வீட்டு அத்தையும் எதிர்வீட்டு அக்காவும் அவர்கள் கணக்கையும் அதிலேயே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வருகிற இரண்டாவது சனிக்கிழமை மூன்று கார்டையும் எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போகிறேன். கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கத்து நண்பர்கள் வீட்டிலும் பில் விழுந்து பொருள் வராமல் இருந்தால், எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காமல் காலை பத்து மணிக்குள் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள், சேர்ந்து போகலாம்.